புதுக் காரும் பழைய வேட்டித் துண்டும்

மகன் புதிதாய் வாங்கிய கரிய நிறக் காரை முதல் ஞாயிறன்றே பழைய வேட்டித் துண்டொன்றால் உலரத் துடைத்தேன். அன்பினாற் செய்ததே, ஆயினும் மாலை வெயிலிலே சிலந்திவலை போற் கீறல்கள் தெரிந்தன. வர்ணத்தின்மீதுள்ள நிறமற்ற மேற்பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றரே. தூசியினுள் மணலும் உண்டென்பதைப் பண்டிதன் மறந்தான்!

முதலில் நீரூற்றித் தூசியைக் கழுவுதல் வேண்டும். பின்னர் வாளிகள் இரண்டு: ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றையது துணியை அலசுதற்கு. சில்லுகளுக்கு வேறு துணி கொள்க. பிறேக் தேய்ந்து உதிரும் இரும்புத்துகள் அங்கே படிந்திருக்குமாதலின், அத்துணி கதவைத் தீண்டலாகாது.

யாழ்ப்பாணத்தார்க்கு இன்னுமோர் இடருண்டு. நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவது. கேத்திலின் அடியிற் படியும் அவ்வெண்மையே, வெயிலில் உலரவிட்ட காரிலும் புள்ளி புள்ளியாய்ப் படியும். ஆதலால் நிழலிலே கழுவி, உடனே மெல்லிய துவாயால் ஒற்றியெடுத்தல் நன்று. ஈற்றில் அலசுதற்கு மழைநீர் கிடைப்பின் மிக நன்று.

உள்ளே? இருக்கைகளின் பொலித்தீன் உறையை நீக்காமலே ஆண்டுக்கணக்காய் ஓட்டுவோரும் உளர். அதனடியில் ஈரந் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், கழற்றிவிடுங்கள்.

மகன் கீறலைக் கண்டான், ஒன்றுஞ் சொன்னானில்லை. அடுத்த ஞாயிறன்று வாளிகள் இரண்டையும் அவனே கொணர்ந்து என்முன் வைத்தான்.