வேலை நடக்கும் சாலையில் வேகம் எதற்கு?

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும், 1976இல் திறந்த காவிரிப் பாலத்தில் 2022-23இல் பராமரிப்புப் பணி நடந்தது. பிறகு பக்கத்திலேயே புதிய பாலப் பணியும் தொடங்கியது. இப்படி வேலை நடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மீறினால், 183ஆம் பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். ஆனால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருப்பதுபோல் பணியிட வேகத்துக்கு இரட்டை அபராதம் இங்கே இல்லை. அது வேண்டும். வேகம் 30இலிருந்து 60 கிலோமீட்டரானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தொழிலாளி குனிந்து வேலை செய்கிறார்.

ஆளே இல்லாத ராத்திரியில் ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்கலாம். ஆள் போனாலும் பள்ளமும் சிதறிய ஜல்லியும் குறுகிய பாதையும் அங்கேயேதான் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகையே வைக்காமல் ஓட்டுநரை மட்டும் தண்டிப்பதா என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்தது: சாலைப் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால், ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பலகைக்கு ஒப்பந்ததாரரும் வேகத்துக்கு ஓட்டுநரும் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் தவறு இன்னொருவருக்குச் சாக்காகாது.