நகரும் சராசரி ஏன் பின்தங்குகிறது?

பங்கு விலைகளின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ரம்பப் பற்களைப்போல் ஏறி இறங்கும் ஒரு கோடு. அதை ஒட்டி மெதுவாக வளைந்து செல்லும் இன்னொரு கோடு. இந்த இரண்டாவது கோடுதான் நகரும் சராசரி. அன்றாடச் சலசலப்பை அடக்கி, விலையின் போக்கை மட்டும் காட்டுவது இதன் வேலை. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. விலை திரும்பிச் சில நாட்கள் கழிந்த பின்பே கோடு திரும்பும். கோட்டை நம்பிக் காத்திருந்து விற்பவருக்கு அதற்குள் நஷ்டம் வந்துவிடும்.

இந்தப் பின்தங்கல் எப்படி வருகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பங்கின் விலை முதல் நாள் 101 ரூபாய். நாளுக்கு ஒரு ரூபாய் ஏறி, 9ஆம் நாள் 109 ரூபாய் ஆகிறது. கடைசி ஐந்து நாள் விலைகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 107 வரும். இது 7ஆம் நாள் விலை அல்லவா? ஐந்து நாட்களின் நடுநாள் அதுவே. எனவே சராசரி இரண்டு நாள் பின்தங்குகிறது. 21 நாள் சராசரி எடுத்தாலோ 10 நாள் பின்தங்கும்.

இதைக் குறைக்க முதல் வழி, புதிய விலைகளுக்கு அதிக மதிப்புத் தருவது. பழைய நாளிலிருந்து தொடங்கி 1, 2, 3, 4, 5 என்ற எண்களால் விலைகளைப் பெருக்கிக் கூட்டி, 15ஆல் வகுத்தால் 107.67 கிடைக்கும். பின்தங்கல் 1.33 நாளாகக் குறைகிறது. ஆனால் கடைசி நாள் விலையின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாகிவிட்டது. அந்த ஒரு நாளின் திடீர்த் துள்ளல் இப்போது கோட்டை அதிகமாக ஆட்டும்.

இரண்டாவது வழி இன்னும் சாமர்த்தியமானது. சராசரிகளுக்கே மறுபடி ஐந்து நாள் சராசரி எடுங்கள். 5ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை சராசரிகள் 103, 104, 105, 106, 107. இவற்றின் சராசரி 105. முதல் சராசரி விலைக்கு 2 ரூபாய் பின்னால் நிற்கிறது. இரண்டாவது, முதலுக்கு 2 ரூபாய் பின்னால் நிற்கிறது. அந்த 2 ரூபாயை 107உடன் கூட்டினால் 109! பின்தங்கல் மறைந்துவிட்டது. இந்த உத்தியை அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி 1977இல் தம் நூலில் விளக்கினார். 1994இல் பாட்ரிக் மல்லாய் இதே வகைத் திருத்தத்தைப் பங்கு வரைபடங்களுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியானால் குறை தீர்ந்ததா? அவசரப்பட வேண்டாம். 9ஆம் நாளுக்குப் பிறகு விலை 109இலேயே நின்றுவிடுவதாகக் கொள்ளுங்கள். 12ஆம் நாள் சாதாரணச் சராசரி 108.8, சராசரியின் சராசரி 107.6. வித்தியாசமான 1.2ஐக் கூட்டினால் 110! அந்தப் பங்கு ஒருநாளும் 110 ரூபாய்க்கு விற்கவில்லை. விலை நின்ற பின்னும் கோடு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்து, ஏற்றம் தொடர்கிறது என்று வாங்கியவர் ஏமாறுவார்.

காரணம் எளிது. இந்தத் திருத்தம் நேற்றைய ஏற்றம் இன்றும் தொடரும் என்று எண்ணிக்கொண்டு கூட்டுகிறது. விலை அப்படி நடக்காதபோது தவறுகிறது. சலசலப்பை அடக்கினால் தாமதம். தாமதத்தைக் குறைத்தால் ஆட்டம் அல்லது மிகைப்பாய்ச்சல். இவற்றில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதையே நாம் தேர்ந்தெடுக்க முடியும். பின்தங்காத கோடு என்று யாராவது காட்டினால், விலை திரும்பிய இடத்தில் அது என்ன செய்தது என்று முதலில் பாருங்கள். எந்தக் கோடும் நாளைய விலையை அறியாது.