உங்களுக்குத் தெரியுமா? ஐந்து பாலினம் கண்ட பூகிஸ் மக்கள்

ஜொகூரின் பொந்தியான், பெனுட் வட்டாரங்களில் பூகிஸ் வம்சாவளியினர் பலர் வாழ்கிறார்கள். 1722-இல் ஜொகூர்-ரியாவ் அரசின் துணை மன்னரான டாயிங் மரேவா இந்த இனத்தவர்தான். இவர்களின் பூர்வீகமான தென் சுலாவெசியில் ஆண், பெண் என்ற இரண்டோடு கணக்கு முடிவதில்லை. பெண்ணாகப் பிறந்து ஆணைப்போல் வாழ்பவர் சலாலாய். ஆணாகப் பிறந்து பெண்ணைப்போல் வாழ்பவர் சலபாய். ஐந்தாமவர் பிஸ்ஸு. ஆண்மையும் பெண்மையும் ஒருங்கே கொண்டவர் என்பதாலேயே தேவர்களோடு பேசவல்லவர் என மதிக்கப்பட்ட பூசகர் இவர்.

அரச குலச் சின்னங்களைக் காத்தவர்கள் பிஸ்ஸுக்களே. நெல் நடவுக்கு முன் மப்பலிலி சடங்கை நடத்துபவர்களும் அவர்களே. அருள் வந்து ஆடும்போது கெரிஸ் கத்தியைத் தம் உடலிலேயே பாய்ச்சுவார்கள். கத்தி இறங்காவிட்டால் தெய்வம் வந்துவிட்டது என்று பொருள். தைப்பூச அலகுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற பூகிஸ் காவியம் ‘லா கலிகோ’விலும் பிஸ்ஸுக்கள் உண்டு.

1950களில் சமயக் கிளர்ச்சியாளர்கள் இவர்களை வேட்டையாடினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஆணுடையும் ஆண் தொழிலும் ஏற்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். நெஞ்சை வருத்தும் இழப்பு அது. இன்று எஞ்சியிருக்கும் பிஸ்ஸுக்கள் மிகச் சிலரே.

ஆண், பெண் என்ற இரண்டைத் தாண்டிய அடையாளங்கள் வேறு இடங்களிலும் உண்டு. சமோவாவில் ஆணாகப் பிறந்து பெண்ணைப்போல் வாழும் ஃபாஅஃபாஃபினே என்போர் இன்றும் குடும்பத்தின் அங்கமாகவே வாழ்கிறார்கள். தமிழ்நாடு 2008-இல் திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்தது.