கூட்டம் சேர்ந்தால் கடை நிலைக்குமா?

2024-ஆம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள். பத்தாம் வகுப்பில் நம் சரித்திரப் பாடம் எப்படியோ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியின் பக்கம் திரும்பியிருந்தது. 1906-இல் தூத்துக்குடியில் தோன்றிய அந்தக் கம்பெனியை ஒழிப்பதற்காக வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் கட்டணத்தை அடிமட்டமாகக் குறைத்ததையும், பிரயாணிகளுக்கு இலவசமாகக் குடைகூடக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதையும் நாம் கொஞ்சம் ஆவேசத்துடனேயே விவரித்துக் கொண்டிருந்தோம். அப்போது பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், 'கூ'வையும் மூடிவிட்டார்களாமே! கோடிக்கணக்கான பேர் வந்த கடையை ஏன் ஸார் மூட வேண்டும்?" என்று கேட்டான்.

அன்று பள்ளிக்கூட மணி நம்மைக் காப்பாற்றியது. ஆயினும் அந்தக் கேள்வி வீடு வரையில் நம்முடன் வந்தது. பிறகு பல நாள் நம்மை விட்டுப் போகவும் இல்லை. கூட்டம் வராத கடை மூடப்பட்டால் அதில் அதிசயமில்லை. கூட்டம் வந்த கடை மூடப்படுவானேன்?

'கூ' என்பது 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பெங்களூரில் பிறந்த சமூக ஊடகம். அப்ரமேய ராதாகிருஷ்ணா, மயங்க் பிதாவத்கா என்ற இருவர் அதை ஆரம்பித்தார்கள். ட்விட்டரின் சின்னம் அப்போது நீலக் குருவியாக இருந்தது. இதன் சின்னம் மஞ்சள் குருவி. மனத்தில் தோன்றியதை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கான இடந்தான் இரண்டும். ஆனால் ட்விட்டர் இந்தியாவில் பெரும்பாலும் இங்கிலீஷ் படித்தவர்களின் மாடி வீடாகவே இருந்தது. 'கூ'வோ தாய்மொழியில் பேசுகிறவர்களுக்கென்று தெருத் திண்ணை போட்டுக் கொடுத்தது. கன்னடத்தில் தொடங்கி, ஹிந்தி, தமிழ், தெலுங்கு என்று ஒவ்வொரு பாஷையாக அது விரிந்தது. அந்த வருஷமே மத்திய சர்க்கார் நடத்திய 'சுயசார்பு இந்தியா' செயலிப் போட்டியில் பரிசும் வாங்கிற்று. இப்படி ஒரு முயற்சியை யார்தான் வாழ்த்த மாட்டார்கள்? நாமும் வாழ்த்தியவர்களில் ஒருவரே.

கூட்டம் வந்தது 2021 பிப்ரவரியில். விவசாயிகள் கிளர்ச்சி சம்பந்தமாகச் சில கணக்குகளை முடக்கும்படி இந்திய சர்க்கார் ட்விட்டருக்கு உத்தரவிட, ட்விட்டர் அதை முழுவதும் நிறைவேற்றத் தயங்க, இருவருக்கும் மனஸ்தாபம் முற்றியது. மந்திரிகளும் சர்க்கார் இலாகாக்களும் மஞ்சள் குருவியிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பின்னால் ஜனங்களும் வந்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில் நைஜீரியா தேசத்து சர்க்கார் ட்விட்டரைத் தடை செய்து, 'கூ'வில் தன் பெயருக்கு ஒரு கணக்குத் திறந்தது. 2022 நவம்பரில் ட்விட்டர் கைமாறிக் குழப்பம் உண்டானபோது, பிரேஸில் தேசத்தார் இரண்டே நாளில் பத்து லட்சம் தடவைக்கு மேல் 'கூ'வைத் தங்கள் கைப்பேசியில் இறக்கிக் கொண்டார்கள். 'கூ' என்ற சப்தத்துக்கு அவர்களுடைய போர்ச்சுக்கீசியப் பாஷையில் வேறொரு அர்த்தம் உண்டாம். அதைக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. அந்த வேடிக்கைக்காகவே வந்தவர்களும் அநேகர்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெங்களூர், நைஜீரியா, பிரேஸில் ஆகிய மூன்று இடங்களிலும் கூட்டம் சேர்ந்த காரணம் அநேகமாக ஒன்றே. ட்விட்டரில் ஏதோ தகராறு. ஆகவே இங்கே வந்தார்கள். கல்யாண வீட்டில் காப்பி ஆறிப் போயிற்றென்று கோபித்துக் கொண்டு எதிர் வீட்டுத் திண்ணையில் போய்ப் படுக்கும் சம்பந்தியைப் பார்த்து, எதிர் வீட்டுக்காரர் தமக்கு ஒரு குடும்பம் கிடைத்து விட்டதென்று நினைக்கலாமா? சமாதானமானதும் சம்பந்தி எழுந்து போய்விடுவார். நைஜீரியாவில் 2022 ஜனவரியில் தடை நீங்கியது; ட்விட்டர் திரும்பி வந்தது.

'கூ'வைப் பதிவிறக்கம் செய்து கொண்டவர்கள் மொத்தம் சுமார் 6 கோடிப் பேர். உச்ச காலத்தில் நாள்தோறும் வந்து போனவர்களோ சுமார் 21 லட்சம் பேர் என்று அதன் ஸ்தாபகர்களே தெரிவித்திருக்கிறார்கள். நூறு பேர் வாசல் மிதித்தால், மறுநாளும் வந்தவர்கள் மூன்று நாலு பேர். அந்த ஸ்தாபனத்தில் முதலீட்டாளர்கள் போட்ட பணம் 6 கோடி டாலருக்கு மேல். ஆகவே வாசல் மிதித்த ஒவ்வொருவருக்கும் சராசரி ஒரு டாலர் செலவாகியிருக்கிறது. வந்தவர் தம் பங்குக்கு என்ன கொடுத்தார்? ஒன்றும் கொடுக்கவில்லை. இந்த வியாபாரத்தில் வருகிறவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

சந்தைக்கு இடம் கொடுத்த நிலக்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். சந்தைக்கு வருகிறவர்களிடம் அவர் நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை. கடை போடுகிறவர்களிடந்தான் வாடகை வாங்குகிறார். கடைக்காரர்கள், கூட்டம் எங்கே பெரிதோ அங்கேதான் கடை போடுவார்கள். ஆகவே கூட்டம் பெரிதாகும் வரையில் நிலக்காரர் தம் கைக்காசைப் போட்டு விளக்கேற்ற வேண்டும், தண்ணீர்ப் பந்தல் வைக்க வேண்டும், சண்டை போடுகிறவர்களை விலக்கிவிட ஆள் வைக்க வேண்டும். சமூக ஊடகத்தில் இந்தக் கடைசிச் செலவு லேசானதல்ல. அவதூறையும் ஆபாசத்தையும் பொய் வதந்தியையும் பத்துப் பதினைந்து பாஷைகளில் பொறுக்கி எறிய வேண்டும். கூட்டம் இரட்டித்தால் செலவு அன்றைக்கே ஏறிவிடும். வாடகை மட்டும் எப்போதோ வரும். வளர வளர நஷ்டமும் வளருவது இந்தத் தொழிலின் விசித்திரம்.

வாடகைக்கு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைஸ்பேஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனம் உதாரணம். 2003-இல் பிறந்த அதை, இரண்டே வருஷத்தில் ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகைக் கம்பெனி 58 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மறு வருஷம் கூகிளுடன் 90 கோடி டாலருக்கு விளம்பர ஒப்பந்தமும் ஆயிற்று. ஆஹா, சூதாட்டத்தில் ஜயித்துவிட்டார் என்று உலகமே சொல்லிற்று! ஆனால் குறிப்பிட்ட அளவு ஜனநடமாட்டம் இருந்தால்தான் அந்தப் பணம் முழுவதும் கைக்கு வரும். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் விளம்பரத்தை அப்பினார்கள். விளம்பரத்தின் நடுவே நண்பனின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் சலித்துப் போய், அடுத்த தெருவில் சுத்தமாக இருந்த பேஸ்புக்குக்குக் குடி போனார்கள். 2011-இல் மைஸ்பேஸ் விலை போனது சுமார் 3½ கோடி டாலருக்கு!

பேஸ்புக் மட்டும் எப்படித் தப்பியது? அது 2004-இல் தோன்றியது. வரவு செலவுக்கு ஈடாகிவிட்டதென்று அது அறிவித்தது 2009 செப்டம்பரில். அப்போது அதில் 30 கோடிப் பேர் இருந்தார்கள். ஐந்து வருஷம் பிறர் பணத்தில் சாப்பிட்டு வளர அதற்குச் சாவகாசம் கிடைத்தது. ட்விட்டரின் கதை இன்னும் நீண்டது. 2006-இல் பிறந்த ஸ்தாபனம், மூன்று மாதக் கணக்கில் முதன்முதலாக லாபம் காட்டியது 2017-இன் கடைசியில்தான். பதினொரு வருஷம்! நம் ஊர் மளிகைக்கடைக்காரரிடம் இதைச் சொன்னால், நம்மைக் கடனுக்கு வந்தவர் என்று நினைத்து உள்ளே போய்விடுவார்.

'கூ'வுக்கு இந்தச் சாவகாசம் கிடைக்கவில்லை. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய பாங்கு வட்டியை ஏற்றிக் கொண்டே போனது. வட்டி மலிவாக இருந்தபோது உலகெங்கும் பணத்தை இறைத்துக் கொண்டிருந்த முதலீட்டாளர்கள் கையை மடக்கிக் கொண்டார்கள். 2023 ஏப்ரலில் 'கூ' தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு முப்பது பேரை அனுப்பிவிட வேண்டி வந்தது. வேறு பெரிய ஸ்தாபனங்களுடன் சேர்ந்து விடலாமென்று பல இடங்களில் நடந்த பேச்சும் பலிக்கவில்லை. ஊரார் எழுதுவதையெல்லாம் நம் தலையில் ஏன் சுமக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் பின்வாங்கியதாக ஸ்தாபகர்கள் எழுதினார்கள். 2024 ஜூலை 3-ஆம் தேதி மஞ்சள் குருவி விடைபெற்றுக் கொண்டது.

பணம் இன்னும் இரண்டு வருஷம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா? ஸ்தாபகர்கள் பிழைத்திருக்கும் என்று நம்பினார்கள். நமக்கு அவ்வளவு நிச்சயமில்லை. காரணம் ஒரு கணக்கு. 2023-ஆம் வருஷத்துக் கடைசி மூன்று மாதங்களில் பேஸ்புக்குக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் தலைக்குச் சராசரி 68 டாலருக்கு மேல் வருமானம் வந்தது. ஆசியா-பஸிபிக் பிரதேசத்திலோ, ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் போன்ற பணக்கார தேசங்களைச் சேர்த்துக்கூடச் சுமார் 5½ டாலர்தான். அங்கே ஒருவர் இங்கே பன்னிரண்டு பேருக்குச் சமம். விளக்கேற்றும் செலவில் மட்டும் அவ்வளவு வித்தியாசம் கிடையாது.

இதிலும் தாய்மொழியில் மட்டும் எழுதிப் படிக்கிறவருடைய மதிப்பு விளம்பரக்காரரின் தராசில் இன்னும் குறைவு. பட்டணத்தில் இங்கிலீஷில் பேசுகிற வாலிபருக்குக் கார் விற்கலாம். மன்னார்குடியில் தமிழில் எழுதும் பெரியவருக்கு என்ன விற்பது என்று அவர்கள் யோசிக்கிறார்கள். (அந்தப் பெரியவர் நிலமும் நகையும் வைத்திருப்பவராய் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.) 'கூ' யாருக்காகத் திண்ணை போட்டதோ, அவர்கள்தான் சந்தையில் விலை போகாதவர்கள். நம் பாஷைக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்படுகிற நமக்கு, இந்தக் கதையில் மனம் நோகிற இடம் இதுதான்.

பணக்காரத் தகப்பன் இருந்தால் போதுமென்றும் சொல்வதற்கில்லை. ஆர்க்குட்டை நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்லூரியை விட்டு வந்த எத்தனையோ நண்பர்களை அதில் நாம் மறுபடி கண்டுபிடித்தோம். இந்தியாவிலும் பிரேஸிலிலும் அது கொடி கட்டிப் பறந்தது. அதன் சொந்தக்காரரான கூகிளிடம் பணத்துக்குப் பஞ்சமா? ஆயினும் ஜனங்கள் பேஸ்புக் பக்கம் ஒதுங்கியபின், 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள்.

இத்தனையும் மனத்தில் இருந்ததனால்தான், 2025 செப்டம்பர் கடைசியில் 'அரட்டை' என்ற பெயர் நாடு முழுவதும் அடிபட்டபோது நமக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்து உண்டாயின. அரட்டை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ ஸ்தாபனத்தின் செயலி. 2021-இலேயே வெளிவந்து, யார் கண்ணிலும் அதிகம் படாமல் கிடந்தது. அமெரிக்காவுடன் வர்த்தகத் தகராறு மூண்டு, சுதேசிப் பொருளையே உபயோகியுங்கள் என்று மத்திய மந்திரிகள் சொன்னதும் தலையெழுத்து மாறியது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்து கொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். இது அரட்டை; 'கூ'வைப் போல ஊருக்குக் கேட்கக் கூவுவதல்ல, வாட்ஸப்பைப் போல வீட்டுக்குள் பேசிக் கொள்வது. ஆகவே இதில் சங்கடமும் வேறு. ட்விட்டரில் தனியாளாக வெளியேறி வரலாம். வாட்ஸப்பிலிருந்து வெளியேற வேண்டுமானால், பெற்றோர் குழு, உத்தியோகக் குழு, பால்காரர், பந்தல்காரர் எல்லாரும் சேர்ந்து வெளியேற வேண்டும். இந்தியாவில் அப்படி 50 கோடிக்கு மேற்பட்டவர்கள் அங்கே வேரூன்றி இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கெல்லாம் தரவரிசையில் அரட்டை வெகுதூரம் இறங்கிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் 'கூ'வுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு. ஸோஹோ 1996-இல் தொடங்கியது. வெளியார் முதலீடு வாங்காமல், கம்பெனிகளுக்கு வேண்டிய கணக்கு, கடிதப் போக்குவரத்துச் சாதனங்களை விற்றுக் கிடைத்த லாபத்திலேயே வளர்ந்தது. வட்டி ஏறிவிட்டதென்று கடையை மூடச் சொல்லும் பங்காளிகள் அங்கே கிடையாது. விளம்பர வாடகை வரும் வரையில் காத்திருக்க அதனால் முடியும். மனமிருக்க வேண்டும், ஆர்க்குட்டின் தகப்பனுக்கு அது இல்லாமற் போயிற்று.

நம் வீட்டிலும் அந்த வாரத்தில் அனைவரும் அரட்டையில் சேர்ந்தோம். நவராத்திரிக் கொலுப் படங்களையெல்லாம் அதிலேயே அனுப்பிக் கொண்டோம். தீபாவளிக்குள் நம் பிள்ளைகள் பழைய இடத்துக்குத் திரும்பி விட்டார்கள். பள்ளிக்கூடச் சுற்றறிக்கை அங்கேதான் வருகிறது என்ற சாக்கில் நாமும் திரும்பினோம். நம் தாயாரும், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவருடைய தங்கையும் மட்டும் இன்னும் அதிலேயே தினம் காலையில் பேசிக் கொள்கிறார்கள். ஏன் சித்தி, எல்லாரும் இங்கே இருக்கிறோமே என்று கேட்டோம். "அங்கே நூறு பேர் சத்தம் போடுகிறார்கள், இங்கே அக்கா ஒருத்திதான் இருக்கிறாள்" என்றார் சித்தி.