காசு கேட்காத கம்ப்யூட்டர் 'கேம்': பெரியவர்களையே முழிக்க வைக்கும் புதிர்கள்!

உழவர்கரை:
'கேம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது வீட்டில் வயிற்றைக் கலக்குகிறது. ரம்மி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்தவர், கடன் தாங்காமல் உயிரை விட்டவர் என்று எத்தனை செய்தி! பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டே தடை செய்தது. அந்தப் பயத்தில், பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே "மூடுடா அதை" என்று ஒரு அதட்டல்.

ஆனால் எல்லா ஆட்டமும் ஒரே ரகம் இல்லை. 'ஜிகொம்ப்ரி' என்று ஒன்று இருக்கிறது. பைசா கேட்காது. விளம்பரமும் வராது.

பெயரிலேயே பிரெஞ்சு

2000-ம் ஆண்டில் இதைத் தொடங்கியவர் புருனோ குதுவான் என்ற பிரெஞ்சு என்ஜினீயர். பெயரைப் பிரெஞ்சு வாயால் சொன்னால் 'ழே கொம்ப்ரி'. அதாவது, 'எனக்குப் புரிஞ்சு போச்சு'! நம்ம ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா யாரையாவது கேளுங்கள், உடனே சிரித்துவிடுவார்.

2 வயது முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காகச் செய்தது. 180-க்கும் மேற்பட்ட பயிற்சிகள். எழுத்து, கூட்டல் கழித்தல், மணி பார்ப்பது எல்லாம் வழக்கமான சங்கதி. விஷயமே புதிர்ப் பகுதியில்தான்.

காசிக் கோயில் கதை

'ஹனோய் கோபுரம்' என்று ஒன்று. மூன்று கம்பம். ஒன்றில் பெரிசு கீழே, சிறிசு மேலே என்று தட்டுகள். அப்படியே வேறு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். சிறிசின் மேல் பெரிசு உட்காரக் கூடாது. அவ்வளவுதானே என்பீர்கள். 3 தட்டுக்கு 7 நகர்த்தல் போதும். 4 தட்டுக்கு 15. 5 தட்டுக்கு 31. ஒரு தட்டு கூடினால் வேலை இரட்டிப்பாகி மேலே ஒன்று!

எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1883-ல் இதை வெளியிட்டார். கூடவே ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகள் இருக்கின்றனவாம். பூசாரிகள் இரவு பகலாக மாற்றுகிறார்களாம். முடிந்தால் உலகமே முடிந்ததாம்! வினாடிக்கு ஒன்று என்று நகர்த்தினாலும் சுமார் 58,500 கோடி ஆண்டு ஆகும். பயப்பட வேண்டாம்.

லூக்காவின் முடிவுதான் பரிதாபம். 1891-ல் ஒரு விருந்தில் தட்டு உடைந்து, சில்லு தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது. அந்தக் காயம் புரையோடிச் சில நாளில் இறந்து போனார். தட்டுப் புதிர்க்காரரைத் தட்டே கொண்டு போனது!

சிவப்புக் காருக்கு வழி

இன்னொன்று நமக்கு ரொம்பப் பழக்கமானது. வண்டிகள் அடைத்து நிற்கும் இடத்திலிருந்து ஒரு சிவப்புக் காரை வெளியே எடுக்க வேண்டும். மற்ற வண்டிகள் முன்னும் பின்னும் மட்டுமே நகரும். சாயங்காலம் ராஜீவ் காந்தி சதுக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஆரன் அடித்துப் பிரயோஜனமில்லை. காரை விட்டுவிட்டு, அதை மறிக்கிற வண்டியை யார் மறிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வழி கிடைக்கும்.

பந்து வைக்கும் ஆட்டம் இன்னும் கில்லாடித்தனமானது. டக்ஸ் என்ற பென்குயினோடு மாற்றி மாற்றிக் குழியில் பந்து போட வேண்டும். கடைசிக் குழியில் போட்டவர் அவுட். வீட்டில் புளியங்கொட்டை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். 13 கொட்டை. ஒரு தடவைக்கு 1 முதல் 3 வரை எடுக்கலாம். எதிராளியை முதலில் ஆட விடுங்கள். அவர் 1 எடுத்தால் நீங்கள் 3. அவர் 2 என்றால் நீங்களும் 2. கடைசிக் கொட்டை அவர் தலையில்தான்!

ஆயிரம் டாலர் மோசடி?

கட்டம் தள்ளும் '15' புதிரும் உண்டு. 1880-ல் அமெரிக்காவையே ஆட்டிப் படைத்தது. செய்தவர் நோயஸ் சாப்மன் என்ற போஸ்ட்மாஸ்டர். ஆனால் சாம் லாயிட் என்ற புதிர் வியாபாரி, பின்னாளில் எல்லாம் என் கைவரிசை என்று மார் தட்டினார். 14, 15 இரண்டை மட்டும் இடம் மாற்றினால் 1,000 டாலர் பரிசு என்றார். யாரும் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது! காலிக் கட்டம் கிளம்பிய மூலைக்கே திரும்ப, நகர்த்தல் இரட்டைப் படையில்தான் வரும். இரண்டை மட்டும் மாற்ற ஒற்றைப் படை வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், ஜாமீனில் வர முடியாத கேஸ்.

இவை போக சீனத்து ஏழு துண்டு டேங்கிராம், சுடோகு, ஒளித்து வைத்த நிறங்களை ஊகிக்கும் ஆட்டம், விளக்கணைக்கும் ஆட்டம் என்று வரிசை இருக்கிறது. ஒன்றுக்குப் பலித்த தந்திரம் அடுத்ததற்குப் பலிக்காது. மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் பிள்ளை இங்கே திணறும். வகுப்பில் பேசாத பிள்ளை பிய்த்து உதறலாம்.

பழைய மடிக்கணினியிலும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து "இதை அங்க வைடா" என்று விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். சும்மா இருக்க முடியாத அப்பாக்கள் தனியாக ஹனோய் கோபுரத்தில் 3 தட்டு வைத்து ஆடிப் பார்க்கட்டும். ஏழில் முடிக்க வேண்டும். எட்டாவது நகர்த்தலுக்குக் கை போனால் பையன் சிரிப்பான்.