சிறைக் கதவுக்கும் கிளினிக் கதவுக்கும் இடையில்

சில வருடங்களுக்கு முன்னர், பிணையில் வெளியே வந்த ஒரு சகோதரியை வீட்டில் விட்டுவர நானும் போயிருந்தேன். அவரது கையில் ஒரு பொலித்தீன் பை. உடுப்புகளுக்கிடையே மடித்து வைத்த ஒரு துண்டு. சிறையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்களாம். தொற்று இல்லையாம். மூன்று மாதத்தில் மீண்டும் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்களாம். அவர் போகவில்லை. கையில் போன் இல்லை, பஸ்ஸுக்குக் காசில்லை. "எங்கே போகிறாய்?" என்று மாமி கேட்டால் சொல்லப் பதிலுமில்லை.

தொற்று இல்லை என்ற பிறகு ஏன் போக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். தொற்று ஏற்பட்டு முதல் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் விடலாம். அதனால்தான் மூன்று மாதக் கணக்கு. அதைவிட முக்கியம், அந்த முடிவு நேற்றையதைப் பற்றியது. ஆபத்து கூடுவது வெளியே வந்த நாளிலிருந்துதான். தங்க இடமில்லாமை, பழைய போதைக் கூட்டாளிகள், கடன், காசுக்காக உடலைக் கேட்பவர்கள், பரிசோதனைக்கே மறுக்கும் கணவன்: எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

தடுப்பதற்கு வழி இருக்கிறது. 'பிரெப்' என்பது தொற்று இல்லாதவர், தொற்று வராமலிருக்கக் குடிக்கும் மாத்திரை. பெண்கள் இதைத் தினமும் குடிக்க வேண்டும். பாதுகாப்புக் கிடைக்க ஏறத்தாழ ஒரு வாரமாகும். அதிக ஆபத்திலுள்ள அனைவருக்கும் இதை வழங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் குடிக்கும் 'பெப்' மருந்து வேறு. கணவனுக்குத் தொற்று இருந்தால், அவர் ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவால் மனைவிக்குத் தொற்றாது.

மருந்து இருந்தும் போய்ச் சேராததற்குக் காரணம், விடுதலை நாள் யாருக்கும் தெரியாததே. விளக்கமறியலில் இருக்கும் பெண் காலையில் வழக்குக்குப் போவார். பிணை கிடைத்தால் பலர் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதலைக்கு முன் ஆலோசனை என்று எழுதி வைத்தாலும், அந்த 'முன்' அவருக்கு வருவதேயில்லை. ஆகவே ஆலோசனையை உள்ளே வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். விரும்புபவருக்கு மாத்திரையையும் உள்ளேயே ஆரம்பித்து, சில வாரத்துக்குரியதைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கைதியின் எச்.ஐ.வி. பராமரிப்பு இடையில் அறுபடக் கூடாது என்று ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளும் சொல்கின்றன.

எல்லாவற்றையும்விட, துண்டு ஆளைக் கூட்டிப் போகாது. ஆள்தான் கூட்டிப் போக வேண்டும். முதல் தடவை கூடவே போக ஒரு பெண் போதும். அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் சேவை இலவசம், இரகசியம் பேணப்படும். இதைத் தெரியாமலேயே பலர் வாசலில் திரும்பிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்களில் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகங்கள் கைதிகளின் குடும்பங்களுக்கு உலருணவு கொடுக்கின்றன. அதோடு ஒரு பஸ் கட்டணத்தையும், வாய் திறக்காத ஒரு துணையையும் சேர்த்துக் கொடுக்க முடியாதா? அவர் என்ன குற்றத்துக்குப் போனார் என்று விசாரிப்பது எங்கள் வேலையல்ல. பிறர் குறையை மறைப்பது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமுமல்ல.

அந்தச் சகோதரியிடம் அன்று நான் "கட்டாயம் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். "நானும் வாறன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.