மலையடிவார வீடுகள் – 14: சாவி யாரிடம்?

போன வாரம் பரணைப் பற்றி எழுதியபோது பித்தளை அண்டா, பழைய தொட்டில், ஏலக்காய்ச் சாக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். போடியைச் சுற்றியுள்ள பழைய சம்சாரி வீடுகள் சிலவற்றில் பரண்மேல் ஒரு துப்பாக்கியும் இருக்கும். சாக்கில் சுற்றி, சணலால் கட்டி, கூரையோட்டுக்கு அடியில் கிடக்கும். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. மேற்கே மலை. மலை ஏறி இறங்கினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று வரிசையாக ஏலத்தோட்டங்கள். கீழே தென்னையும் மாவும் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு மேலே தோட்டத்தோடு ஏதாவது ஓர் ஒட்டு உண்டு. கீழே காட்டுப்பன்றி, மேலே யானை. அந்தப் பயம்தான் இந்த வீடுகளுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பயிரைக் காக்க, உயிரைக் காக்க என்று மனுப்போட்டு லைசென்ஸ் வாங்கிய 12 போர் துப்பாக்கி. ஒத்தக்குழல் அல்லது ரெட்டைக்குழல்.

சிலமலையில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. லைசென்ஸ் அவர் பெயரில். "முன்னெல்லாம் பரண்ல கெடந்துச்சு தம்பி. இப்பப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டோம்ல" என்றார் நிம்மதியாக. பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் எழுந்திருப்பதற்குள் மூன்றாவது படிக்கும் பேரன் உள்ளே ஓடினான். முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்துவந்து நீட்டினான். "இந்தா தாத்தா!"

பெரியவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பையன்மேல் தப்பே இல்லை. அந்தப் பீரோவில்தான் மருமகளின் பட்டுச்சேலை, மகனின் தோட்டத்துப் பத்திரம், ரேஷன் கார்டு, பையனின் ஓட்டப்பந்தயக் கோப்பை எல்லாமே இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து முறை திறக்கிற பீரோ. சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. பூட்டு இருந்தது, காவல் இல்லை.

ஒருவர் பெயரில்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. அது அமலுக்கு வந்தது 1962 அக்டோபர் 1. அதற்கு முன்பு இருந்தது வெள்ளைக்காரர் 1878இல் போட்ட சட்டம். 2019இல் திருத்தம் வந்து, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டானது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தானது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளவும் வைத்திருக்கவும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டத்தின் 30ஆம் பிரிவு.

இதில் நம் வீடுகளுக்குப் புரியாமல் போவது ஒன்றுதான். நிலம் குடும்பத்துச் சொத்து, நகை குடும்பத்துச் சொத்து. துப்பாக்கி அப்படி அல்ல. உரிமம் ஒரே ஒருவர் பெயரில். அப்பா இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, மகன் தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும். அதுவரை அது பரணில் கிடந்தாலும் பீரோவில் கிடந்தாலும் சட்டத்துக்குப் புறம்பானதுதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பன்றிக்கென்று வாங்கிய துப்பாக்கியால் சிலமலைக்காரர் இன்று பன்றியைச் சுட முடியாது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் சொன்ன ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவு கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கொண்டு சுடலாம். தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். மற்ற நாளெல்லாம் வீட்டில் சும்மா இருக்கும். அதன் ஆயுளில் பெரும்பகுதி உறக்கம்தான். அதனால் எப்படிச் சுடுவது என்பதைவிட, எங்கே உறங்க வைப்பது என்பதுதான் இந்த ஊர்களுக்கு முக்கியமான கேள்வி.

பட்டறையில் ஒரு பகல்

துப்பாக்கிக்கென்றே செய்த பெட்டகம் நம் ஊர்க் கடைவீதியில் கிடைப்பது அரிது; வரவழைத்தால் விலை கூடுதல். பெரியவருக்கு நான் சொன்னது பழைய பீரோ ஒன்றை வாங்கி மாற்றியமைக்கும் வழி. பட்டை, போல்ட், பூட்டு, வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து மூன்று கிலோ ஏலக்காய் விலைக்குள் வேலை முடிந்துவிடும். போடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உடனிருந்து பார்த்தேன்.

முதலில் தகடு. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். வீட்டுப் பீரோக்கள் பெரும்பாலும் 22 கேஜ், அதாவது முக்கால் மில்லிமீட்டர் சுமார். கடப்பாரை நுனிக்கு அது காகிதம். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர் இருக்கும். பழைய பீரோக்களில் தேடினால் இப்படிக் கனமானது கிடைக்கும். இங்கிலாந்தில் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு என்று இருக்கும் தரம் 2 மில்லிமீட்டர் தகடு கேட்கிறது. அந்தக் கனம் நமக்கு வராது. ஆகவே பலவீனமான இடங்களைத் தேடித் தேடிப் பலப்படுத்த வேண்டும்.

கீல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதை அறுத்துக் கதவைக் கழற்றிவிடலாம். பட்டறைத் தம்பி கதவின் உட்பக்கம், கீல் ஓரமாக, மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புப் பட்டையை வெல்டு வைத்தார். கதவை மூடினால் பட்டை சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். கீலை அறுத்தாலும் கதவு வராது. பட்டையின் விலை சொற்பம்; பீரோவின் பலம் பாதிக்கு மேல் கூடிவிட்டது.

அடுத்து பூட்டு. பீரோவோடு வருகிற கைப்பிடிப் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. சாவி போடுகிறவர் எத்தனை நிமிடத்தில் அதைத் திறக்கிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கனமான கொண்டி ஒன்றை வெல்டு வைத்து, திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். நெம்புகோல்களை உள்ளே அடுக்கிக் கையால் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து மாவட்டத்துக்காரர் கை செய்த நல்ல பொருள் இருக்கும்போது தகரப் பூட்டு எதற்கு?

வெல்டு வைத்த இடமெல்லாம் பெயின்ட் கருகியிருந்தது. தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகுதான் பீரோவை ஏற்றினோம். ஒன்றை மறக்க வேண்டாம். வெல்டிங், டிரில் வேலை எதுவும் துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கிற இடத்தில் நடக்கக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகே துப்பாக்கி உள்ளே போக வேண்டும்.

காலி பீரோவை இரண்டு ஆள் தூக்கிவிடுவார்கள். பெரியவர் வீட்டுச் சுவர் மண்சுவர், போல்ட் பிடிக்காது. அதனால் மழைச்சாரல் படாத உள்சுவர் மூலையில் நிறுத்தி, உள்ளேயிருந்து சிமென்ட் தரையில் துளைபோட்டு, நான்கு 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டுகளை முறுக்கினோம். மரை உள்பக்கம் இருப்பதால் பூட்டைத் திறக்காமல் கழற்ற வழியில்லை.

ஏலக்காய்க்குத் தெரிந்த பாடம்

மலையடிவாரத்தில் இரும்பின் முதல் எதிரி ஈரம். தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறி நனைக்கிற மலை இது. ஏலக்காய்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறித்த காயில் எண்பது சதவீதம் அளவுக்கு ஈரம். காயை உலர்த்தும் ஸ்டோரில் வைத்து அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் காய் நிற்கும். உலர்ந்த காயைச் சுவரில் சாய்க்க விடாத அதே கை, துப்பாக்கியைச் சாக்கிலும் தோல் உறையிலும் சுற்றி வைக்கிறது. சாக்கும் தோலும் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். உறை பயணத்துக்கு மட்டும்.

பீரோவின் ஒரு பக்கத் தட்டுகளைக் கழற்றிவிட்டோம். நான்கடிக்குச் சற்றுக் குறைவான துப்பாக்கி நேராக நிற்கும். சில்வர் ஓக் பலகையில் குழல் உட்காரப் பள்ளம் வெட்டி, பழைய கம்பளித் துணி ஒட்டினார் தச்சர். ஸ்பாஞ்சு வேண்டாம், அது நீரைக் குடிக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு. மணியின் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது. அது நாள்பட்டால் பிசுக்காகும். துப்பாக்கிக்கான எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசித் துடையுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள், அன்று மாலையே துடைத்துவிட வேண்டும். பெரியவரின் துப்பாக்கிக் குழலில் பொட்டு அளவுக்கு வட்டமாக ஒரு துருக்குழி இருந்தது. எத்தனையோ வருடத்துச் சந்தனம் தின்ற இடம் அது.

தோட்டா இதே பீரோவில் கூடாது. வேறு அறையில், வேறு பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில், எண்ணிக்கை எழுதிய தாளோடு இருக்க வேண்டும். துப்பாக்கியை நிறுத்தும்போது மடக்கித் திறந்து, குழல் காலி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சைக்கிளுக்குப் போடும் கம்பிவடப் பூட்டு ஒன்றைத் திறந்த குழல் வழியாக விட்டுப் பூட்டினால், துப்பாக்கியை மூடவே முடியாது. தோட்டாவும் போடமுடியாது.

பெட்டி மட்டும் போதாது

இத்தனையும் செய்த பிறகும் முருகன் படத்துக்குப் பின்னால் சாவி இருந்தால் எல்லாம் வீண். இதை நான் அனுமானத்தில் சொல்லவில்லை; பூச்சிமருந்து குடித்து உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்க நடந்த முயற்சிகள் காட்டிய பாடம் இது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வைத்துப் பூட்ட வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களில் மருந்து குடிப்பது குறையவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை 'ஸ்நேகா' அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் வேறு வழியை முயன்றார். மருந்தை வீட்டைவிட்டே வெளியே எடுத்து, ஊர்ப் பொதுக் கிடங்கில் லாக்கர் வைத்தார். அங்கே நல்ல பலன் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: மனம் உடைந்த ஒரு நிமிடத்துக்கும் அந்தப் பொருளுக்கும் இடையே எவ்வளவு தூரம், யாருடைய கை என்பதுதான் உயிரைக் காக்கிறது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாத மனைவிக்கோ கணவனுக்கோகூடச் சாவி இருக்கும் இடம் தெரியக் கூடாது என்று போலீசார் கேட்பது இதனால்தான். ஜப்பானில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனித்தனிப் பெட்டகம் வைக்கச் சொல்வதும் இதனால்தான். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை, குடி கூடிவிட்டது, கடன் நெருக்குகிறது என்றால், அந்தக் காலம் முடியும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்கவே வேண்டாம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாடியிருப்பவரோடு பேச 14416 என்ற இலவச எண்ணிலும், தமிழ்நாட்டின் 104இலும் ஆள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்த அன்று மாலை பெரியவர் திண்டுக்கல் பூட்டின் இரண்டு சாவிகளையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒன்றை உறையில் போட்டு ஒட்டி, வங்கி லாக்கருக்கு என்று எடுத்துவைத்தார். இன்னொன்றை அரைஞாண் கயிற்றில் கோர்த்துக்கொண்டார். "குளிச்சாலும் இடுப்புலதான் தம்பி" என்றார். பேரன் புதுப் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பழைய பீரோவைத் திறந்து தன் கோப்பையை எடுத்து விளையாடப் போனான்.

உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும், சாவி எங்கே என்று வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். உங்களைத் தவிர ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும், இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். உரிமம் ஒருவருக்கு என்றால் சாவியும் ஒருவருக்குத்தான்.

(தொடரும்)